பதிலுக்கு வந்த பாஸ்புக்கும் பதிலுக்குப் போட்ட கையெழுத்தும்



சில மாதங்களுக்கு முன்னால் நம் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்தநல்லூர் பக்கத்துக் குழு ஒன்றின் ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் முகம் சிவக்க வந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டத்தோடு கூட்டமாகக் குளிக்கப் போனபோது, குழுவின் பாஸ்புக் இருந்த பை காணாமல் போய்விட்டது. முறைப்படி வங்கியில் எழுதிக் கொடுத்து, கட்டணமும் கட்டி, புதுப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். அதைத்தான் மேசையில் தூக்கிப் போட்டார்கள்.

"பாருங்கக்கா, முதல் பக்கத்துலயே டூப்ளிகேட்னு சீல் அடிச்சுக் குடுத்துட்டாங்க. நாங்க கட்டுன பணம் ஒரிஜினல், புக்கு மட்டும் டூப்ளிகேட்டா?"

அதோடு முடியவில்லை. சீலுக்குக் கீழே பேனாவால் இங்கிலீஷில் ஒரு வரி. பதினொன்றாவது படிக்கும் பெண்ணிடம் படிக்கச் சொன்னார்களாம். அந்தப் பெண் எழுத்துக்கூட்டி, "இன் லை-யு ஆஃப்னு போட்டிருக்கும்மா. லைன்னா பொய்" என்று சொல்லிவிட்டது. டூப்ளிகேட், அதுக்குக் கீழே பொய்! அப்புறம் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதைப் படிக்க வேண்டிய முறை 'இன் லியு ஆஃப்'. பொய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. 'பதிலாக' என்று அர்த்தம். "தொலைந்துபோன மூலப் புத்தகத்துக்குப் பதிலாக இது வழங்கப்பட்டது" என்பதுதான் அந்த வரி. டூப்ளிகேட் என்றால் அங்கே இரண்டாம் படி, அவ்வளவுதான். கடைவீதியில் நாம் டூப்ளிகேட் என்று சொல்வது வேறு, வங்கி சொல்வது வேறு. சொல்லப்போனால் அந்தச் சீல் நமக்குப் பாதுகாப்பு. தொலைந்த புத்தகத்தை நாளைக்கு எவராவது எடுத்துக்கொண்டு போய் நின்றால், அதற்குப் பதில் வேறு புத்தகம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்ல ஆதாரம் வேண்டும் அல்லவா?

அன்றைக்குச் சிரித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் 'பதிலாக' என்ற இந்த ஒரு வார்த்தை நம் குழு வேலையில் எத்தனை இடத்தில் வருகிறது, எத்தனை இடத்தில் நம்மைக் கவிழ்க்கிறது என்று பிறகு யோசித்தோம். அதனால்தான் இந்த மாதம் இதையே எழுதுகிறோம்.

'லியு' என்பது பிரெஞ்சு வார்த்தை. இடம் என்று பொருள். புதுச்சேரியில் லெஃப்டினன்ட் கவர்னர் என்று சொல்கிறோமே, அதில் முன்னால் நிற்பதும் இதே லியுதான். இன்னொருவர் இடத்தைப் பிடித்து நிற்பவர் என்று அர்த்தம். தமிழில் துணைநிலை ஆளுநர் என்கிறோம். சாதாரணமாகப் பேசும் 'இன்ஸ்டெட் ஆஃப்' என்பதில் உள்ள 'ஸ்டெட்' கூடப் பழைய இங்கிலீஷில் இடம்தான். 'இன் ப்ளேஸ் ஆஃப்' என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று விதமாகச் சொன்னாலும் "அவங்க இடத்துல" என்பதுதான் விஷயம். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "நாத்தனார் வரல, அவ இடத்துல நான் வந்தேன்." வெள்ளைக்காரன் யோசித்ததும் காவிரிக்கரையில் யோசித்ததும் ஒன்றாகவே இருக்கிறது.

வித்தியாசம் எங்கே என்றால், பழகும் இடத்தில். 'இன்ஸ்டெட் ஆஃப்' வீட்டுப் பேச்சு. காபிக்குப் பதிலா டீ போடு, பஸ்ஸுக்குப் பதிலா ஷேர் ஆட்டோவில் போவோம், எல்லாம் அந்த வகை. 'இன் லியு ஆஃப்' ஆபீஸ் பேச்சு, பத்திரப் பேச்சு. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைக் கணக்குப் பார்த்துத் தரும்போது அது வரும். அரசு அலுவலகத்தில் லீவு நாளில் வேலை வாங்கினால் வேறொரு நாள் லீவு தருவார்கள். அதற்கு 'ஈடுசெய் விடுப்பு' என்று தமிழில் பெயர். லியு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்களுக்குத் தெரியவில்லை.

நம் வாயில் புழங்கும் வார்த்தைகளையும் கொஞ்சம் பார்ப்போம். 'பதில்' என்பது உருது, அரபு வழியாக வந்த 'பதல்' என்கிறார்கள். அதே வார்த்தைதான் மில்களில் 'பதலி' ஆள், 'பதிலி' ஆள் என்று ஆனது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் ஓடுகிறவர். 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே அந்த வார்த்தை ஏறியிருந்தது. 'மாற்று' நம்முடைய சொந்தச் சொல். மாத்துப் புடவை, மாத்துச் சாவி. 'கைமாத்து' மட்டும் கொஞ்சம் தமாஷ். மாற்றித் தருகிறேன் என்று வாங்குகிறோம், மாறி வருவதுதான் சில வீடுகளில் நடப்பதில்லை. உட்கடன் வந்த பிறகு கைமாத்து குறைந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம். உங்கள் ஊரில் எப்படியோ?

'ஈடு' கனமான வார்த்தை. அடமானத்துக்கு ஈடு வைப்பது, நஷ்டஈடு, இழப்பீடு, ஈடுகொடுப்பது எல்லாம் இதில் இருந்துதான். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 'ஈடு' என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதி வைத்தார். அந்த உரைக்கு ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று பெயர். பெயர்க்காரணம் பலவிதமாகச் சொல்வார்கள், 'நிகரானது' என்பது அதில் ஒன்று.

இங்கே ஒரு சங்கதி. ஈடு என்ற வார்த்தையைக் கேட்டதும் "பத்திரம் கொண்டா, நகை கொண்டா" என்று பயப்பட வேண்டாம். சுய உதவிக் குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு எந்த ஈடும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை அதற்காகப் பிடித்து வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியபோதே இதுதான் அடிப்படை. சொத்துக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு பெண்களின் நாணயம். நம்மிடம் இருக்கும் ஈடு அதுதான் என்பதைப் பின்னால் வரும் கதைக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பதில் அம்மா

திருச்சியில் இருந்துகொண்டு பதிலாள் பற்றிப் பேசினால் மலைக்கோட்டைத் தாயுமானவரை விட்டுவிட முடியுமா? தலபுராணக் கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரில் இருந்து அம்மா வர வேண்டும். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமானே அந்த அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மா! இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் கொண்டு போய்க் கட்டுவதும் நடக்கிறது.

பெயரைக் கவனியுங்கள். 'தாய்க்குப் பதிலானவர்' என்று ஊர் வைக்கவில்லை. 'தாயும் ஆனவர்' என்று வைத்தது. பதிலுக்கு வந்தவர் வேலையை முழுசாகச் செய்தால் 'பதில்' என்கிற வார்த்தையே உதிர்ந்துபோகிறது. ஆனால் இதே தமிழில் 'மாற்றாந்தாய்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதுவும் அம்மா இடத்தில் வந்தவளைத்தான் சொல்கிறது. பத்திரிகைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று எழுதுகிறார்கள். நம் குழுக்களில் மூத்தாள் பிள்ளைகளைத் தன் பிள்ளையாக வளர்த்துப் படிக்க வைத்த சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யாரும் நினைப்பதில்லை. எங்களுக்கு அந்தச் சொல்மேல் கோபம் உண்டு.

சமயபுரத்தில் இது இன்னும் தலைகீழ். அம்மனுக்காக நாம் விரதம் இருப்பதுதான் ஊர் வழக்கம். அங்கே மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் வழக்கமான தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். இதைப் 'பதிலாக' என்று சொல்வதா, 'சார்பாக' என்று சொல்வதா? நாங்கள் 'சார்பாக' என்போம். நாம் இல்லாத இடத்தில் அவள் வரவில்லை, நமக்காக நிற்கிறாள். இங்கிலீஷில் இதற்குத் தனியாக 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்று சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் குழுக் கணக்குகள் சிக்கிக்கொள்கின்றன.

அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டெல்லிப் படை வந்த காலம், 1323 என்று கணக்குச் சொல்கிறார்கள். மூலவர் சந்நிதியைக் கல் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் மற்றவர்களும் கிளம்பிப் போனார்கள். மேலே ஈடு எழுதியவர் என்று சொன்னோமே, அந்த வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன்தான் இந்த லோகாசாரியர். வயதான காலத்தில் மதுரைப் பக்கம் போகும் வழியிலேயே அவர் காலமாகிவிட்டார். விக்கிரகம் ஊர் ஊராகச் சுற்றி, திருப்பதியில் பல வருஷம் இருந்து, 1371-ல் திரும்பி வந்தது. இடையில் இங்கே பூஜைக்கு வேறொரு உற்சவர் வைத்திருந்தார்கள். இப்போது எது முன்னாலே இருந்தது? பார்த்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கோயிலொழுகு சொல்கிறபடி, கோயில் துணி துவைத்த கண் தெரியாத ஒரு கிழவர் மட்டும் இருந்தார். இரண்டு விக்கிரகத்துக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். வாயில் வைத்துப் பார்த்து, இவர்தான் நம்பெருமாள் என்றார் அவர். அந்தப் பெயரே இன்றைக்கும் நிலைத்துவிட்டது. பெரிய பெரிய பண்டிதர்கள் இருந்த ஊரில் அடையாளம் சொன்னது ஒரு சலவைத் தொழிலாளி.

எங்களுக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. இத்தனை வருஷம் பதிலுக்கு இருந்தவரை வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவருக்கும் கோயிலில் இடம் உண்டு. பதிலுக்கு இருந்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒளிவு மறைவு இல்லை.

போலியும் மாற்றும்

ஒளிவு மறைவு என்று சொன்னதும் செயற்கை வைரம் ஞாபகம் வருகிறது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டிய காலம் உண்டு. நம் உறுப்பினர்கள் பலர் அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். அதைச் செயற்கை வைரம் என்று சொல்லி விற்றால் நல்ல வியாபாரம். வைரம் என்று சொல்லி விற்றால் மோசடி. கல் ஒன்றுதான், சொல்வதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் 'போலி' கெட்ட வார்த்தையே இல்லை தெரியுமா? அறம் என்பதை அறன் என்றும், பந்தல் என்பதைப் பந்தர் என்றும் எழுதினால் பொருள் மாறாது, அதற்குப் பெயர் போலி. எழுத்து மாறியது பார்த்தவுடன் தெரிகிறது, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம். ஒரு குழுவில் வங்கிக் கடன் பத்திரத்தில் எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட வேண்டிய நாள். ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "அவளுக்காக எல்லாரும் காத்திருக்கணுமா? ஒரு கையெழுத்துதானே" என்று பக்கத்து வீட்டுத் தோழி அவள் பெயரைப் போட்டுவிட்டாள். போனில் கேட்டுக்கொண்டுதான் போட்டாள். பணம் வந்தது. இவளுக்கு வந்த பங்கையும் தோழியே வாங்கிக்கொண்டு, தவணையை நானே கட்டுகிறேன் என்றாள். ஆறு மாதம் கட்டினாள். பிறகு அவள் வீட்டுக்காரருக்கு விபத்து, தவணை நின்றது. கைக்குழந்தையோடு திரும்பி வந்தவளுக்கு ஆட்டுக் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது, பாக்கி அவள் பெயரில் நிற்கிறது. "நான் ஒரு ரூபா பாக்கலைங்க" என்கிறாள் ஒருத்தி. "உன்னைக் கேட்டுத்தானே போட்டேன்" என்கிறாள் மற்றவள். இரண்டுமே உண்மை!

நான்கு முறை உட்கார்ந்து பேசி, குழுவின் பொது நிதியில் இருந்து பாக்கியை அடைத்து, தோழியின் பெயரில் உட்கடனாக மாற்றி எழுதினோம். கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் ஒரே சுவரை ஒட்டி வீடு இருந்தும் இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆரம்ப நாட்களில், "சும்மா போடும்மா, நேரமாகுது" என்று நாங்களே சொன்னது உண்டு. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட முடியாது. கேட்டுக்கொண்டு போட்டாலும் சரி, அக்கா தங்கையாக இருந்தாலும் சரி. சார்பாகப் போடுவது வேறு. அப்போது நாம் நம் பெயரைத்தான் போடுகிறோம், இன்னாருக்காக என்று மேலே எழுதுகிறோம். குழுக் காசோலையில் ஊக்குநர் போடும் கையெழுத்துக்கு மேல் குழுவின் சீல் வைத்து 'ஃபார்' என்று அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். 'இந்தக் குழுவுக்காக' என்று அர்த்தம். அந்த உரிமை தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதனால் ஊக்குநர் மாறினால் புதுத் தீர்மானத்தின் நகலை உடனே வங்கியில் கொடுத்துவிட வேண்டும். 'பவர்' எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான். பவர் வாங்கியவர் தன் கையெழுத்தைத்தான் போடுவார், கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் அதோடு முடிந்துவிடும். இன்னொருவர் பெயரையே போடுவது மேலே சொன்ன கல்லை வைரம் என்று விற்பது போல. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால் அது தண்டனைக்குரிய குற்றம். எண்ணம் இல்லை என்றாலும், நல்ல மனசோடுதான் போட்டேன் என்று ஒவ்வொரு ஆபீஸாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் பிரசவத்துக்குப் போனவள் என்ன செய்வது? அந்தக் கடனில் அவள் பெயரை விட்டுவிட்டு, வந்த பிறகு உட்கடன் கொடுக்கலாம். அல்லது பத்து நாள் தள்ளிப்போடலாம். வங்கி மேலாளரிடம் கேட்டால் வழி சொல்வார், கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் விஷயத்திலும் வழி இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் நோயாலோ முதுமையாலோ கையெழுத்துப் போட முடியாவிட்டால் ரேகை வைக்கலாம். கை விரலே முடியாது என்றால் கால் விரல் ரேகையைக்கூட ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பாட்டியின் பென்ஷனுக்காகப் பேரன் கையெழுத்துப் பழகுகிற வேலையே தேவையில்லை.

நாமினி விஷயத்திலும் இதே குழப்பம். நாமினி போட்டாச்சு, பணம் அவருக்குத்தான் என்று நினைக்கிறோம். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வங்கியில் இருந்து வாங்கும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வாரிசுகள் யாரோ அவர்களுக்குத்தான் பணம் சேரும். 2010-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது நாமினி வாரிசுக்குப் பதில் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பானது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. நம் குழுக்களில் இருந்தே பலர் நின்று ஜெயித்தார்கள். ஆனால் எத்தனை ஊரில் தலைவி நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்? "அவங்க சார்பா நான் வந்திருக்கேன்" என்பார். யார் கொடுத்த சார்பு? தீர்மானம் உண்டா? பவர் உண்டா? அந்தப் பதவியை இன்னொருவர் வகிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. கணவர் உதவி செய்வதை நாங்கள் குறை சொல்லவில்லை. வண்டியில் கொண்டுவந்து விடட்டும், வெளியே காத்திருக்கட்டும்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: "எந்த உறுப்பினரின் பெயரையும் வேறு உறுப்பினர் கையெழுத்தாகப் போடுவதில்லை. வர இயலாதவரின் இடம் காலியாக விடப்பட்டு, வராத காரணம் எழுதப்படும். குழுவின் சார்பாகக் கையெழுத்திடுபவர் தன் பெயரையும் பொறுப்பையும் எழுதிச் சீல் வைப்பார்." கீழே எல்லாரும், அவரவர் கையால், கையெழுத்தோ ரேகையோ வையுங்கள்.

அந்தநல்லூர்க் குழு இப்போது சமாதானமாகிவிட்டது. பாஸ்புக்கை பாலிதீன் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வரவு செலவு சொல்லும்போது மட்டும், "அந்த லியு புக்கை எடு" என்றுதான் சொல்கிறார்களாம்.